ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர்

டெக்சாஸ் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி ஆர்கெஸ்ட்ராக்களுக்கு ஆண்டுதோறும் வசந்த காலத்தில் ஒரு கடுமையான சோதனை காத்திருக்கிறது. ஐம்பது அறுபது பிள்ளைகள் வயலினும் செல்லோவுமாக ஓர் அறைக்குள் போய் உட்காருவார்கள். எதிரே மூன்று நடுவர்கள். ஸ்டாண்டுகளில் இசைத்தாள்கள். அவற்றில் இருக்கும் உருப்படியைப் பிள்ளைகளும் பார்த்ததில்லை, அவர்களுடைய ஆசிரியரும் பார்த்ததில்லை. தாளைத் திறக்கச் சொன்னதும் ஆசிரியருக்குச் சில நிமிடங்கள் தரப்படும். எங்கே வேகம் மாறுகிறது, எந்த இடத்தில் வியோலாக்கள் தனியாக நுழைகின்றன, எந்தச் சுரம் கூர்மையாக வேண்டும் என்று அவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். பிள்ளைகள் தந்தியில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள், முணுமுணுப்பார்கள், தாளத்தை எண்ணிக்கொள்வார்கள். வாசிக்க மட்டும் அனுமதி இல்லை. நேரம் முடிந்ததும் முதல் சுரத்திலிருந்து கடைசிவரை நிற்காமல் வாசித்தாக வேண்டும்.

இதை நடத்துவது யு.ஐ.எல். என்று அழைக்கப்படும் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கோலாஸ்டிக் லீக். டெக்சாஸ் அரசுப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளை நடத்தும் அதே அமைப்பு. பல வாரங்கள் பழகிய உருப்படிகளை மேடையில் வாசிப்பது ஒரு பாதி. பார்த்ததும் வாசிக்கும் இந்தச் சோதனை மறுபாதி. இரண்டுக்கும் 1 முதல் 5 வரை தரம் உண்டு, 1 என்றால் மிகச் சிறப்பு. இரண்டிலும் 1 வாங்கிய குழுவுக்கு 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' கோப்பை. முதல் பள்ளி, இரண்டாம் பள்ளி என்ற வரிசை கிடையாது. வந்த பள்ளிகள் அனைத்துமே 1 வாங்கிவிடலாம். ஒன்றுகூட வாங்காமலும் போகலாம்.

பார்த்ததும் வாசிக்கும் அறையில் தனி வித்தகம் அதிகம் கைகொடுக்காது. குழுவில் மிகத் திறமையான மாணவி ஒரு வரியைத் தப்பில்லாமல் வாசித்தாலும், மற்றவர்களைவிட அரை அட்சரம் முந்திவிட்டால் அது தப்புதான். தடுமாறியவர் நிற்கக்கூடாது, பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும் இசையைக் காதில் வாங்கி, ஓடுகிற வரியில் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் ஆர்கெஸ்ட்ரா வகுப்பு நான்கு ஆண்டுகளில் பிள்ளைகளுக்குப் பழக்கித் தருவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

வகுப்பு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இது பள்ளி முடிந்தபின் நடக்கும் பொழுதுபோக்கு மன்றம் இல்லை. கணக்கு, வேதியியல் போலவே இதற்கும் கால அட்டவணையில் ஒரு பீரியட், மதிப்பெண், அறிக்கை அட்டையில் ஓர் இடம். டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிக்கக் கலைப் பாடம் ஒன்றில் ஒரு கிரெடிட் கட்டாயம். அதற்கு ஆர்கெஸ்ட்ராவும் கணக்கில் வரும். வீட்டில் யாருக்கும் இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாலையில் பாட்டு வகுப்புக்குக் காரில் கொண்டுபோய்விட யாரும் தேவையில்லை. பள்ளிப் பேருந்தில் வந்து இறங்குகிற பிள்ளை இரண்டாம் பீரியடில் வயலினை எடுத்துத் தோளில் வைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டின் முழுப் பெருமையும் இங்கேதான் இருக்கிறது. இதைப் பள்ளி நேரத்திலிருந்து வெளியே தள்ளும் எந்தத் திட்டமும், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வந்தாலும், வசதியில்லாத பிள்ளையை முதலில் வெளியேற்றிவிடும்.

அமெரிக்கப் பள்ளியில் இசை பாடமானது 1838-ல், பாஸ்டன் நகரில், லோவெல் மேசன் என்பவரின் முயற்சியால். அப்போது அது வாய்ப்பாட்டு மட்டும். பள்ளிக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்ற எண்ணம் பரவியது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் என்ற சிறு நகரில் வில் எர்ஹார்ட் உருவாக்கிய உயர்நிலைப் பள்ளி ஆர்கெஸ்ட்ரா மற்ற ஊர்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. பிறகு வந்தவர் ஜோசப் மேடி. 1926-ல் டெட்ராய்ட் நகரில் இசை ஆசிரியர்களின் தேசிய மாநாடு கூடியபோது, நாட்டின் பல பகுதிகளிலிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வரவழைத்து ஒரே குழுவாக வாசிக்கவைத்தார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். சில நாள் கூடி வாசித்துவிட்டுப் பிரிவதில் பிள்ளைகளுக்கு மனமில்லை என்பதைக் கண்ட மேடி, 1928-ல் மிச்சிகன் மாநிலத்தின் இன்டர்லாக்கன் காட்டுப் பகுதியில் கோடைகால முகாம் ஒன்றைத் தொடங்கினார். அந்த முகாம் இன்றும் நடக்கிறது. 1962-ல் அதனுடன் ஓர் உறைவிடக் கலைப் பள்ளியும் சேர்ந்தது.

மேதைகள் பள்ளிக்காக எழுதியதும் உண்டு. நியூயார்க் மேயர் லா கார்டியா 1936-ல் தொடங்கிய இசை மற்றும் ஓவிய உயர்நிலைப் பள்ளிக்காக ஆரோன் கோப்லண்ட் 1938-ல் 'ஆன் அவுட்டோர் ஓவர்ச்சர்' எழுதிக்கொடுத்தார். அதற்குச் சில காலம் முன்பே இங்கிலாந்தில் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், தான் 1905 முதல் பணியாற்றிய லண்டன் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியின் மாணவியருக்காக 'செயின்ட் பால்ஸ் ஸ்வீட்' எழுதியிருந்தார். பள்ளியின் புது இசைக் கட்டடத்தில் தனக்குச் சத்தம் புகாத அறை ஒன்று கட்டிக்கொடுத்ததற்கு நன்றியாக எழுதியது என்பார்கள். உலகம் முழுக்கப் பள்ளி ஆர்கெஸ்ட்ராக்கள் இன்றும் அதை வாசிக்கின்றன. அதன் கடைசிப் பகுதியில் வயலின்கள் ஒரு துள்ளல் நடனமெட்டைச் சுழற்றிக்கொண்டிருக்க, 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பழைய ஆங்கில மெட்டைச் செல்லோக்கள் கீழிருந்து நிதானமாக எழுப்புகின்றன. இரண்டு மெட்டுகளும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒரு மாணவி தன் பகுதியை மட்டும் வீட்டில் மாதக்கணக்கில் பழகினாலும், இந்த இடம் எதற்காக என்று அவளுக்கு வகுப்பில்தான் புரியும்.

பெயர்தான் ஆர்கெஸ்ட்ரா, பெரும்பாலான பள்ளிகளில் அந்தப் பீரியடில் இருப்பவை தந்தி வாத்தியங்கள் மட்டுமே. முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ். புல்லாங்குழலும் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பேண்ட் வகுப்பைச் சேர்ந்தவை; அந்தப் பிள்ளைகள் வேறு அறையில் வேறு ஆசிரியரிடம் இருப்பார்கள். ஒரு முழு சிம்பொனியை வாசிக்க வேண்டுமானால், இரண்டு வகுப்புகளும் காலையில் மணி அடிப்பதற்கு முன்போ மாலையிலோ ஒன்றுகூட வேண்டும்.

இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். பார்வையாளர் பக்கம் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார். உள்பக்கம் இருப்பவர் வாசிப்பை ஒரு கணம் விட்டுவிட்டுத் தாளைத் திருப்புவார். ஒரே வரியில் இரண்டு சுரங்கள் எழுதப்பட்டிருந்தால் மேல் சுரம் வெளிப்பக்கத்தவருக்கு, கீழ்ச் சுரம் உள்பக்கத்தவருக்கு. ஸ்டாண்டில் பென்சில் இல்லாமல் வந்தால் ஆசிரியரின் முகம் மாறிவிடும். காரணம், வில் மேலே போக வேண்டுமா கீழே வர வேண்டுமா என்ற குறியைத் தாளில் பென்சிலால் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வயலின் வரிசையின் தலைமையில் இருப்பவருக்கு கான்சர்ட் மாஸ்டர் என்று பெயர். எந்த இடத்தில் எந்தத் திசையில் வில் என்பதில் அவருடைய கையைப் பார்த்துப் பின்னால் இருப்பவர்கள் நடப்பார்கள். இருபது வில்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் காட்சி அழகுக்காக ஏற்பட்டதல்ல. ஏறும் வில்லின் ஓசை வேறு, இறங்கும் வில்லின் ஓசை வேறு. பாதிப் பேர் மாறிப் போனால் அழுத்தம் சிதறிவிடும்.

யார் எந்த நாற்காலி என்பது வாசிப்புத் தேர்வில் முடிவாகும். இதில் பிள்ளைகள் படும் பாட்டைப் பெற்றோர் குறைத்து மதிப்பிடக்கூடாது. மூன்றாம் நாற்காலியிலிருந்து ஏழாம் நாற்காலிக்கு இறங்கிய பிள்ளை அன்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வதும் உண்டு. இதனால்தான் சில ஆசிரியர்கள் முன்வரிசையை மட்டும் தேர்வில் முடிவுசெய்துவிட்டு, மற்ற இடங்களைச் சுழற்சியில் மாற்றுகிறார்கள். பின்வரிசையில் நன்றாக வாசிக்கும் இரண்டு பேர் இருந்தால் மொத்தக் குழுவும் கெட்டிப்படும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் அவர்களை வேண்டுமென்றே அங்கே உட்காரவைப்பார்கள்.

இரண்டாம் வயலினும் வியோலாவும் பற்றித் தனியாகப் பேச வேண்டும். மெட்டு பெரும்பாலும் முதல் வயலினிடம் போய்விடும். இவர்களுக்கு வருவது நடுவில் நிரப்பும் சுரங்கள், ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். அந்தப் பகுதியை மட்டும் வீட்டில் வாசித்தால் தாத்தா பாட்டிக்கு எதுவும் புரியாது. என்ன பாட்டு இது என்று கேட்பார்கள். ஆனால் வியோலாக்கள் வாசிக்காமல் விட்டால் இசை உள்ளீடற்றுப் போகும். தன் பங்கு தனியாக நின்றால் பாட்டே இல்லை, ஆனால் தான் இல்லாமல் அந்தப் பாட்டு நிற்காது என்பதைப் பதினைந்து வயதில் உடம்பால் உணர்கிற வாய்ப்பு பள்ளியில் வேறு எங்கே கிடைக்கிறது? எத்தனை திறமையான தனி ஆசிரியரை வைத்தாலும் இதை வீட்டுக் கூடத்தில் சொல்லித்தர முடியாது.

தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த வகுப்புக்குள் ஒரு விசேஷமான நிலையில் நுழைகிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வாசித்து, சுவாதித் திருநாளிடம் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகப் பெற்றார். கிளீவ்லண்ட் நகரில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. டல்லாஸ், ஹூஸ்டன், நியூ ஜெர்சி, கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதி ஆகிய இடங்களில் வார இறுதியில் வர்ணம் வாசித்துவிட்டு, திங்கட்கிழமை பள்ளியில் வேறு விதமாக வயலின் பிடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேறு விதம் என்றால் உண்மையிலேயே வேறு விதம். வீட்டில் தரையில் சம்மணமிட்டு, கருவியின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசித்த கை, பள்ளியில் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து தாடைக்கும் தோளுக்கும் நடுவே அதே கருவியைத் தாங்க வேண்டும். வீட்டில் தந்திகள் ஸ-ப-ஸ-ப, பள்ளியில் ஜி-டி-ஏ-ஈ. வீட்டில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு விரல் வழுக்கிக்கொண்டே போவதுதான் ராகத்தின் உயிர். பள்ளியில் விரல் துல்லியமாக ஒரே இடத்தில் விழ வேண்டும்; பின்னால் இருக்கும் பத்துப் பேரின் விரலும் அதே இடத்தில் விழ வேண்டும். கேட்டு, மனப்பாடம் செய்து, தாளத்தை உடம்பில் ஏற்றிக்கொள்வதில் கர்நாடகம் பயின்ற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். தாளைப் பார்த்ததும் வாசிப்பதில் முதலில் திணறுவார்கள். ஒரே நேரத்தில் நான்கு பேர் நான்கு வெவ்வேறு சுரங்களை வாசிப்பது அவர்களுக்கு முற்றிலும் புதிய உலகம். இரண்டையும் சேர்த்துப் பயின்றால் கை கெட்டுப்போகும் என்ற பயம் சில வீடுகளில் இருக்கிறது. கொஞ்ச காலம் குழப்பம் இருக்கத்தான் செய்யும். இரண்டு மொழி பேசும் வீட்டில் வளரும் குழந்தைபோல, எங்கே எதைப் பேச வேண்டும் என்று கையே கற்றுக்கொள்ளும்.

பணம் பற்றிப் பேசாமல் இந்த வகுப்பைப் பற்றி நேர்மையாக எழுத முடியாது. செல்லோவும் டபுள் பாஸும் பொதுவாகப் பள்ளியின் சொத்து. பேருந்தில் ஏற்ற முடியாத டபுள் பாஸ் பள்ளியிலேயே தங்கிவிடும். வயலினைப் பெற்றோர் மாத வாடகைக்கு எடுப்பார்கள். அதற்கும் மேல் ரோசின், தந்தி, தோள்தாங்கி, கச்சேரிக்குக் கறுப்பு உடை. இவற்றையெல்லாம் பள்ளியும் பெற்றோர் சங்கமும் ஓரளவு ஈடுகட்டிவிடலாம். ஈடுகட்ட முடியாதது தனிப் பயிற்சி. வாரம் ஒருமுறை தனி ஆசிரியரிடம் போகிற பிள்ளைக்கும் வகுப்பை மட்டும் நம்பியிருக்கிற பிள்ளைக்கும் இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் கூடுகிறது. முன்வரிசை நாற்காலிகளில் யார் அமர்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்களில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது: 2014 கணக்கின்படி அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக் கலைஞர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

அந்த உலகின் கதவைப் பள்ளி வகுப்பு திறந்துவிட்ட நிகழ்வுகளும் உண்டு. புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் உள்ள டில்லார்ட் உயர்நிலைப் பள்ளியின் ஆர்கெஸ்ட்ரா வகுப்பில் கெவ் மார்கஸ், வில் பாப்டிஸ்ட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் சந்தித்தார்கள். ஒருவர் கையில் வயலின், மற்றவர் கையில் வியோலா. பாப்டிஸ்ட் முதலில் சாக்ஸபோன் கற்க விரும்பியவர். தந்தி வாத்திய வகுப்பில் சேர்க்கப்பட்டதால் வியோலாக்காரர் ஆனவர். இருவரும் பிற்காலத்தில் தொடங்கிய 'பிளாக் வயலின்' குழு ஹிப் ஹாப்பையும் செவ்வியல் இசையையும் இணைத்து உலகம் சுற்றுகிறது. அந்தப் பள்ளியில் அந்தப் பீரியட் இல்லாதிருந்தால் இந்தக் குழுவும் இல்லை.

பீரியட் இல்லாமல் போன ஊர்கள் பல. 1978-ல் கலிபோர்னியா மக்கள் 'புரொபொசிஷன் 13'-க்கு வாக்களித்துச் சொத்து வரியைக் கட்டிப்போட்டார்கள். சொத்து வரியை நம்பியிருந்த பள்ளிகள் செலவைக் குறைத்தபோது இசை வகுப்புகள்தான் முதலில் வெட்டுப்பட்டன. நியூயார்க்கில் 1991-ல் நிதி வெட்டு வந்தபோது, கிழக்கு ஹார்லெம் பள்ளிகளில் சிறுவர்களுக்கு வயலின் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ராபர்ட்டா குவாஸ்பாரி வேலை இழந்தார். தன் சொந்த 50 வயலின்களோடு வகுப்பைத் தொடங்கியவர் அவர். விட்டுவிடவில்லை. பெற்றோரும் நண்பர்களும் திரண்டார்கள். 1993-ல் கார்னெகி அரங்கில் அவருடைய மாணவர்களுடன் ஐசக் ஸ்டெர்னும் இட்ஸாக் பெர்ல்மனும் மேடையேறி நிதி திரட்டிக் கொடுத்தார்கள். 1999-ல் வந்த 'மியூசிக் ஆஃப் தி ஹார்ட்' படத்தில் மெரில் ஸ்ட்ரீப் ஏற்ற பாத்திரம் இந்த ஆசிரியைதான். படம் மனதை நெகிழ்த்துகிறது. ஆனால் ஒரு பள்ளியின் பாடவேளையைக் காப்பாற்ற உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர்கள் வர வேண்டியிருந்தது என்பதை எந்த அரசும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 2015-ல் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டம் முழுமையான கல்வியின் பகுதியாக இசையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பணத்தை ஒதுக்குவது மட்டும் உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் கையில்.

டெக்சாஸில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. அங்கே 1984 முதல் 'நோ பாஸ், நோ பிளே' சட்டம் இருக்கிறது. எந்தப் பாடத்திலாவது 70-க்குக் கீழே போன மாணவர் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. முதலில் 6 வாரமாக இருந்த தடை 1995-ல் 3 வாரமாகக் குறைந்தது. வேதியியலில் தோற்ற செல்லோ மாணவனுக்குப் போட்டி மேடை மூடிவிடும். இதையாவது நண்பர்கள் சேர்ந்து பாடம் சொல்லிக்கொடுத்துச் சமாளித்துவிடுகிறார்கள். பெரிய இடி, வகுப்புத் தரவரிசை. 1997-ல் வந்த சட்டப்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வரம்பு இன்னும் கடுமை. ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்களுக்குக் கூடுதல் எடை தரும் பள்ளிகளில், ஆர்கெஸ்ட்ராவில் முழு மதிப்பெண் வாங்கினாலும் அந்த எடை பெரும்பாலும் கிடைக்காது. ஆக, பதினொன்றாம் வகுப்பில் 'இந்த ஒரு பீரியடை விட்டுவிட்டு இன்னொரு ஏ.பி. எடு' என்ற பேச்சு வீட்டில் தொடங்குகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து வாசித்துவந்த பிள்ளை, கருவி கைக்குப் பழகி நல்ல இசையை வாசிக்கத் தொடங்கும் நேரத்தில் வெளியேறிவிடுகிறது. கல்லூரி விண்ணப்பத்துக்காகவே சேர்ந்தவர்களும், அதே விண்ணப்பத்துக்காக விலகியவர்களும் இந்தப் பேச்சில் சமம். இருவருக்குமே வயலின் ஒரு வரியாகிப் போய்விட்டது.

2020-ல் கோவிட் வந்தபோது இந்த வகுப்பின் தேவை எல்லோருக்கும் தெரிந்தது. கணக்கைத் திரையில் நடத்த முடிந்தது. ஆர்கெஸ்ட்ராவை முடியவில்லை. இணையத்தில் ஒலி வந்து சேர எடுக்கும் சிறு தாமதமே, இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதைக் கெடுத்துவிடும். பிள்ளைகள் தத்தம் அறையில் காதொலிக் கருவியில் தாளத்தைக் கேட்டுக்கொண்டு தனித்தனியாகப் பதிவுசெய்து அனுப்பினார்கள். ஆசிரியர்கள் இரவெல்லாம் அவற்றை ஒட்டித் திரையில் கட்டம் கட்டமாக ஒரு கச்சேரியை உருவாக்கினார்கள். பள்ளி திறந்தபோது, தந்தி வாத்தியக்காரர்கள் முகக்கவசத்தோடு வாசிக்க முடிந்ததால், ஊதும் வாத்தியக்காரர்களைவிட எளிதாகக் கூட முடிந்தது.

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வீட்டுக்கு வரும்போது, ஆர்கெஸ்ட்ரா என்ற கட்டத்தைத் தரவரிசைக் கணக்குக்காக அடிக்காதீர்கள். விலகுவதானால் பிள்ளையே சொல்லட்டும். அடுத்து, உங்கள் மாவட்டப் பள்ளி வாரியத்தின் கூட்டங்கள் பொதுவானவை. நிதிநிலையை விவாதிக்கும் நாளில் போய்ப் பேசுங்கள். தனி ஆசிரியர் வைக்க வசதியுள்ள நீங்கள் அங்கே எழுந்து நின்றால், வசதி இல்லாத பக்கத்து ஸ்டாண்டுப் பிள்ளைக்கும் அந்தப் பீரியட் நிலைக்கும்.